முனைவராகத் திரும்ப வேண்டிய பிள்ளை: சந்திரசேகரின் கேம்பிரிட்ஜ் ஆண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், கூட்டத்துக்கு நடுவே சில இளையர்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து, இங்குள்ள பல்கலைக்கழகங்களில் அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்கள். வாரம் முழுக்க ஆய்வுக்கூடம். ஒருநாள் தேக்காவுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஓர் ஓரமாக நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். எப்போது முடியும், எப்போது வருவாய் என்பதுதான் அந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் வரும் கேள்வி. சரியான பதில் அவர்களிடமும் இருக்காது.

ஏறக்குறைய 95 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியைச் சென்னையிலிருந்து ஒரு தந்தை கடிதத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் எழுத வேண்டிய மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். அந்த மகன்தான் பின்னாளில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர். நோபெல் பரிசு பெற்ற தமிழர் என்று அவரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் முனைவர் பட்டத்துக்காக அவர் கழித்த மூன்று ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதை அதிகம் பேசுவதில்லை. ஆய்வுப் படிப்பில் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் அந்த மூன்று ஆண்டுகள் தெரிந்திருக்க வேண்டும்.

கணிதமா, இயற்பியலா?

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19ஆம் தேதி லாகூரில் பிறந்தார். தந்தை சுப்ரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. தாய் சீதாலட்சுமி. பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர், ஆண் பிள்ளைகளில் மூத்தவர் சந்திரசேகர். வீட்டில் எல்லாருக்கும் அவர் சந்திரா. 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்து, பின்னர் மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறியது. தந்தையின் தம்பிதான் விஞ்ஞானி சி.வி. ராமன்.

வசதியும் படிப்பும் உள்ள குடும்பம் அது. அதை மறைக்க வேண்டியதில்லை. தாய் சீதாலட்சுமி அதிகம் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனாலும் ஆங்கிலம் கற்று, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்கும் அளவுக்குத் தம்மை வளர்த்துக்கொண்டவர். கணித மேதை ராமானுஜன் 1920இல் இறந்த செய்தியை ஒன்பது வயதுச் சந்திராவுக்குச் சொன்னவரும் அவர்தான். நம் ஊர்ப் பையன் ஒருவன் கேம்பிரிட்ஜ் வரை போய்ப் பெரியவனாக முடியும் என்ற எண்ணம் அன்றுதான் அந்தச் சிறுவனின் மனத்தில் விழுந்தது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அவருக்குக் கணிதம் படிக்க ஆசை. தந்தைக்கோ மகன் ஐ.சி.எஸ். எழுதி அரசாங்க அதிகாரியாக வேண்டும் என்ற விருப்பம். அதற்கு இயற்பியல் உதவும் என்று அவர் நினைத்தார். மகன் இயற்பியல் ஹானர்ஸில் சேர்ந்தார்; கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்துகொண்டார். ஐ.சி.எஸ். பேச்சு வந்தபோதெல்லாம், பிள்ளை தன் மனத்துக்குப் பிடித்ததையே செய்யட்டும் என்று தாய் பக்கபலமாக நின்றார்.

1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தை வரி விடாமல் படித்திருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்றும் குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றும் அவர் சொன்னபோது இளைஞருக்கு அதிர்ச்சி. சோமர்ஃபெல்டு இரக்கப்பட்டு, அச்சுக்குப் போகவிருந்த தம் புதிய கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு சில மாதங்களில் சந்திரசேகர் ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலர் என்ற பேராசிரியருக்கு அனுப்பினார். 1929இல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. கல்லூரிப் படிப்புகூட முடியவில்லை. அந்தக் கட்டுரையே பின்னர் கேம்பிரிட்ஜின் கதவைத் திறந்தது.

இரண்டு திசைக் கப்பல்கள்

1930இல் பட்டப்படிப்பு முடிந்ததும், இங்கிலாந்தில் ஆய்வு செய்ய இந்திய அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. காலம் மூன்று ஆண்டு.

அந்த 1930 நம் முன்னோர்களுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா போன்ற கப்பல்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களில் ஆள் குறைப்புத் தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களே ஆயிரக்கணக்கில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிங்கப்பூரில் அறிவியல் படிக்க இருந்தது புக்கிட் தீமாவில் 1928இல் பாடம் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரி. அது கொடுத்ததும் பட்டயம்தான், பட்டம் அல்ல. மலாயாப் பல்கலைக்கழகம் உருவாக 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முனைவர் பட்டம் என்பது அன்று இந்தத் தீவில் எட்டாக் கனி.

அதே ஆண்டில் கிழக்கே வராமல் மேற்கே போன கப்பல் ஒன்றில் ஏறியவர் சந்திரசேகர். ஆனால் புறப்பாடு சுலபமாக இல்லை. தாய் கடுமையான நோயில் படுத்திருந்தார். மூத்த மகன் இந்த நிலையில் அம்மாவை விட்டுப் போகலாமா என்று உறவினர்கள் கேட்டார்கள். மகனுக்கும் மனம் வரவில்லை. போயே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர் தாய்தான். தமக்காக மகன் தங்கிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். திரும்பி வரும்போது தாம் இருக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயிலிருந்து பில்ஸ்னா என்ற இத்தாலியக் கப்பல் புறப்பட்டது. பருவமழைக் காலம். முதல் சில நாள் கடல் கொந்தளித்தது. கடல் அடங்கியதும் 19 வயது இளைஞர் மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தார்.

கப்பலில் போட்ட கணக்கு

கையில் இருந்த புத்தகங்களில் ஒன்று, விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆர்தர் எடிங்டன் எழுதியது. அக்காலத்தில் உலகிலேயே புகழ்பெற்ற வானியற்பியலாளர் எடிங்டன்தான். கல்லூரியில் நடந்த கட்டுரைப் போட்டியில் சந்திரசேகருக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம் அது.

அவர் போட்ட கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்மீன் எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையாலேயே உள்ளுக்குள் சுருங்கும். சூரியன் போன்ற ஒன்று, பூமியின் அளவுக்குச் சுருங்கிப்போகும். அதைத்தான் வெண்குறுமீன் என்கிறார்கள். அதற்கு மேல் சுருங்காமல் அதைத் தாங்கி நிற்பது எலக்ட்ரான்கள். அவற்றை ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது, எதிர்த்துத் தள்ளும். எல்லா விண்மீன்களும் கடைசியில் இப்படி வெண்குறுமீன்களாகி அமைதியாக அடங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சந்திரசேகர் ஒரு கேள்வி கேட்டார். எடை கூடக் கூட எலக்ட்ரான்களின் வேகமும் கூடும். அந்த வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதியையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே? சேர்த்துப் பார்த்தார். எதிர்பாராத விடை வந்தது. ஓர் எடைக்கு மேல் போனால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது. விண்மீன் தொடர்ந்து சுருங்கிக்கொண்டே போகும். பலகை ஒன்றில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால், ஓர் அளவு வரை வளைந்து தாங்கும், பிறகு முறிந்துவிடும். அதைப் போன்றதுதான் இதுவும். அந்த எல்லை சூரியனின் எடையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று அறிவியல் சொல்கிறது. அதன் பெயரே சந்திரசேகர் எல்லை.

எல்லைக்கு மேல் போனது என்ன ஆகும்? அன்று அவருக்கும் முழு விடை தெரியாது. நியூட்ரான் விண்மீன், கருந்துளை என்று பின்னர் உலகம் கண்டுபிடித்தவற்றுக்கெல்லாம் வழி அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

பாராட்டு இல்லாத முதல் ஆண்டு

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். ஃபௌலர்தான் நெறியாளர். கப்பலில் போட்ட கணக்கை அவரிடம் காட்டினார். ஃபௌலர் அதை இன்னொரு வல்லுநரான மில்னிடம் அனுப்பினார். இருவரிடமிருந்தும் பெரிய ஆர்வம் வரவில்லை. கடைசியில் அதை அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1931இல் அங்குள்ள வானியற்பியல் இதழில் சிறிய கட்டுரையாக வெளிவந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

சென்னையில் அவர் வகுப்பின் முதல் மாணவர். 18 வயதில் ராயல் சொசைட்டி இதழில் எழுதியவர். நோபெல் பரிசு வாங்கவிருந்த ராமனின் அண்ணன் மகன். கேம்பிரிட்ஜில் அவரைப் போலக் கெட்டிக்காரர்கள் மூலைக்கு ஒருவர் இருந்தார்கள். டிராக், ரூதர்ஃபோர்டு, எடிங்டன் என்று புத்தகத்தில் படித்த பெயர்கள் எல்லாம் தெருவில் நடந்து போயின. தாம் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் அவரை அழுத்தியது. நெறியாளரைப் பார்ப்பதே அரிது. குளிர் வேறு. சைவ உணவுக்காரர் என்பதால் கல்லூரிச் சாப்பாட்டில் அவருக்கு ஒத்துவந்தவை மிகக் குறைவு. கடைசிவரை அவர் சைவமாகவே இருந்தார்.

வெளிநாட்டில் ஆய்வு செய்யப் போன எவரைக் கேட்டாலும் இந்த முதல் ஆண்டைப் பற்றிச் சொல்வார்கள். ஊரில் முதல் மாணவன் என்று பெயர் வாங்கியவனுக்கு, இங்கே எல்லாரும் முதல் மாணவர்கள்தான் என்று தெரியவரும் ஆண்டு அது.

1931 மே மாதம் தாய் இறந்துவிட்டார். கப்பல் பயணம் மூன்று வாரம். இறுதிச் சடங்குக்குப் போக வழியே இல்லை. 20 வயது மகன் ஒரு வெளிநாட்டு அறையில் தனியாக அந்தத் துக்கத்தைத் தாங்க வேண்டியிருந்தது. தோட்டங்களிலும் நகர்களிலும் வாழ்ந்த நம் முந்தைய தலைமுறைக்கு இது புதிதல்ல. ஊரிலிருந்து வந்த கடிதத்தில் பெற்றோர் இறந்த செய்தியைப் படித்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தார்கள். அந்த வலியில் கூலி வேலைக்குப் போனவர், கேம்பிரிட்ஜுக்குப் போனவர் என்ற வேறுபாடு இல்லை.

அவர் படிப்பை விடவில்லை. அந்தக் கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குப் போய், மாக்ஸ் போர்ன் என்ற இயற்பியலாளரிடம் சில மாதம் இருந்தார். திரும்பி வந்து மறுபடியும் வேலையில் மூழ்கினார்.

திரும்பப் பெற்ற கட்டுரை

இரண்டு ஆண்டு முடிந்தது. தாம் செய்துகொண்டிருந்த விண்மீன் ஆராய்ச்சியில் அவருக்கே சலிப்பு வந்திருந்தது. உண்மையான இயற்பியல் வேறெங்கோ நடக்கிறது, தாம் அதன் ஓரத்தில் நிற்கிறோம் என்று நினைத்தார். டிராக்கின் யோசனையைக் கேட்டு, மூன்றாம் ஆண்டைக் கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் நடத்திய ஆய்வுக்கழகத்தில் கழிக்கச் சென்றார்.

கோபன்ஹேகன் அவருக்குப் பிடித்துப்போனது. அங்கே பல நாட்டு இளம் விஞ்ஞானிகள் கூடிப் பேசிச் சிரித்துப் பழகினார்கள். கேம்பிரிட்ஜின் தனிமை அங்கே இல்லை. விண்மீன்களை விட்டுவிட்டு, குவாண்டம் புள்ளியியலில் ஒரு கடினமான கணக்கைக் கையில் எடுத்தார். பல மாதம் உழைத்தார். விடை கிடைத்துவிட்டது என்று நம்பினார். கட்டுரை ராயல் சொசைட்டிக்குப் போனது.

டிராக் அதில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார். அடிப்படையிலேயே இருந்த பிழை. சந்திரசேகர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

உபகாரச் சம்பளம் 1933 ஆகஸ்ட்டில் முடிகிறது. கையில் ஆய்வேடு இல்லை. மூன்றாம் ஆண்டின் பெரும்பகுதி வீணாகிவிட்டது. ஊரில் தந்தை மகனின் வருகைக்காகக் காத்திருக்கிறார். இன்றைய ஆய்வு மாணவர்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் நின்றிருப்பார்கள்! சிலர் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியும் இருக்கிறார்கள்.

அவர் என்ன செய்தார்? தமக்கு உண்மையில் நன்றாக வருவது எது என்று யோசித்தார். விட்டுவிட்டு வந்த விண்மீன்களுக்கே திரும்பினார். தன்னைத்தானே சுற்றும் வாயுக் கோளத்தின் வடிவம் எப்படி மாறும், பக்கத்தில் இன்னொரு விண்மீன் இருந்தால் அதன் ஈர்ப்பால் எப்படி நெளியும் என்ற கணக்குகளை எடுத்துக்கொண்டு, சில மாதங்களில் வரிசையாகக் கட்டுரைகளை எழுதி முடித்தார். அவற்றைச் சேர்த்ததே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு. பின்னாளில் அவருக்கு உலகப் புகழ் தந்த கப்பல் கணக்கு அந்த ஆய்வேட்டின் பொருளே அல்ல.

செருப்புக் காலுடன் வந்த தேர்வாளர்

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் ஃபௌலர், மற்றவர் எடிங்டன். சந்திரசேகர் முறைப்படி அங்கி அணிந்து நேரத்துக்குப் போய்விட்டார். எடிங்டன் வீட்டுச் செருப்புடன் சாவகாசமாக இருந்தார். ஃபௌலர் தாமதமாக ஓடி வந்தார். தேர்வு தொடங்கியது. மாணவர் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால், ஒருவர் சரி என்பார், மற்றவர் தவறு என்பார். பிறகு இருவரும் தங்களுக்குள் வாதாடத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஃபௌலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுப் போய்விட்டார். தேர்வு முடிந்தது. தேறினோமா இல்லையா என்றுகூட மாணவருக்கு யாரும் சொல்லவில்லை.

1933 கோடையில் இப்படித்தான் அவர் முனைவரானார். மாலை மரியாதை எதுவும் இல்லை. அடுத்த கவலை உடனே வந்து நின்றது. உபகாரச் சம்பளம் முடிந்துவிட்டது. இனி எங்கே போவது?

டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். கடுமையான போட்டி. கிடைக்கும் என்று ஃபௌலரே நம்பிக்கை தரவில்லை. இந்தியர்களில் அதற்குமுன் அந்தப் பதவியைப் பெற்றிருந்தவர் 1918இல் ராமானுஜன் ஒருவர்தான். கிடைக்காது என்றே முடிவு செய்து, சில காலம் ஆக்ஸ்ஃபோர்டில் மில்னிடம் இருக்கலாம் என்று சந்திரசேகர் சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், எதற்கும் பார்த்துவிடலாம் என்று கல்லூரி வாசலில் நின்றார். ஒட்டியிருந்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நான்கு ஆண்டுப் பதவி. அம்மா சொன்ன ராமானுஜன் கதையைக் கேட்ட சிறுவன், ராமானுஜன் இருந்த இடத்துக்கே வந்துவிட்டான்.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. சில ஆண்டு கழித்துச் சந்திரசேகர் சென்னைக்கு வந்தபோது, கணிதப் பேராசிரியர் ஹார்டி கேட்டுக்கொண்டதற்காக ராமானுஜனின் துணைவியார் ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அவரிடமிருந்த பழைய கடப்பிதழ்ப் படம் ஒன்றைப் பெற்றுவந்தார். இன்று பாடநூல்களில் நாம் பார்க்கும் ராமானுஜனின் முகம் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

பட்டத்துக்குப் பிறகு வந்த பெரிய தேர்வு

பட்டம் வாங்கியபின் அவர் கப்பலில் போட்ட கணக்குக்குத் திரும்பினார். இந்த முறை முழுமையாக, எண்களைத் துல்லியமாகக் கணக்கிட்டார். எடிங்டன் அடிக்கடி அவருடைய அறைக்கே வந்து, வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விசாரித்தார். கணக்கிடும் இயந்திரம் கிடைக்கவும் உதவினார். தம்முடைய வழிகாட்டியே இவர்தான் என்று இளைஞர் நினைத்திருப்பார்.

1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். 24 வயதுச் சந்திரசேகர் தம் முடிவைப் படித்து முடித்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். விண்மீன் முடிவில்லாமல் சுருங்கும் என்பது அபத்தம் என்றும், அப்படி நடக்கவிடாமல் தடுக்க இயற்கையில் ஏதேனும் ஒரு விதி இருந்தே தீரும் என்றும் கேலியாகப் பேசினார். சபை சிரித்தது. உலகப் புகழ் பெற்றவரின் சொல்லுக்கு முன்னால் இளைஞரின் கணக்கு எடுபடவில்லை.

போர், பௌலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எடிங்டனை எதிர்த்து வெளியில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

இங்கேதான் அந்த மூன்று ஆண்டுகள் அவருக்குக் கைகொடுத்தன என்று சொல்லத் தோன்றுகிறது. பாராட்டு இல்லாமல் வேலை செய்யவும், துக்கத்தோடு வேலை செய்யவும், தவறு செய்தால் ஒப்புக்கொண்டு மறுபடி தொடங்கவும் அவர் ஏற்கெனவே பழகியிருந்தார். கோபன்ஹேகனில் தம் கணக்கு தவறு என்று தெரிந்ததும் உடனே விட்டுக்கொடுத்தவர், லண்டனில் தம் கணக்கு சரி என்று தெரிந்ததால் விட்டுக்கொடுக்கவில்லை. சண்டையைத் தெருவுக்கும் இழுக்கவில்லை. எடிங்டனோடு கடைசிவரை மரியாதையாகவே பழகினார். விவாதத்தை ஒரு புத்தகத்தில் முறையாக எழுதி 1939இல் வெளியிட்டுவிட்டு, வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

இதற்கிடையே 1936 செப்டம்பரில் இந்தியா வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். 1937 தொடக்கத்தில் இருவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. அங்கே அவருடைய தோல் நிறத்தைக் காரணம் காட்டி, பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பாடம் நடத்த மறுப்புத் தெரிவித்தவர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஹச்சின்ஸ் அதை ஏற்காமல் அவரைப் பாடம் நடத்த வைத்தார். சந்திரசேகர் கடைசிவரை அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை. அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர்.

1983 அக்டோபர் 19, அவருடைய 73ஆம் பிறந்தநாள். அன்று இயற்பியலுக்கான நோபெல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் ஃபௌலருடன் அதைப் பகிர்ந்துகொண்டார். பெயர் ஒன்றானாலும் இவர் கேம்பிரிட்ஜ் நெறியாளர் அல்லர். கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1995 ஆகஸ்ட் 21ஆம் தேதி சிகாகோவில் காலமானார். 1999இல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் அம்மா கூப்பிட்ட பெயர்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

ராஃபிள்ஸ் கல்லூரி பட்டயம் மட்டும் கொடுத்த காலம் போய்விட்டது. இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்து முனைவர் பட்டம் பெறுகிறார்கள். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கதையிலிருந்து சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஆய்வுப் படிப்பு பள்ளிப் படிப்பைப் போன்றது அல்ல. பாடத்திட்டம் இல்லை, இத்தனை மாதத்தில் முடியும் என்ற கணக்கும் இல்லை. ஓர் ஆண்டு உழைப்பு ஒரே பிழையில் போய்விடலாம். அப்படிப் போனால் பிள்ளை சோம்பேறி என்றோ, கெட்டிக்காரத்தனம் தீர்ந்துவிட்டது என்றோ பொருள் இல்லை. சந்திரசேகருக்கே போயிருக்கிறது. எப்போது முடியும் என்று கேட்பதற்குப் பதிலாக, இந்த வாரம் என்ன செய்தாய் என்று கேட்டுப் பாருங்கள். பதில் நமக்குப் புரியாமல் போகலாம். பரவாயில்லை. கேட்டுக்கொள்ள வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய துணை.

தைப்பூசக் காலத்தில், இரவு காவடிகள் புறப்படும் நேரத்தில், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், விளக்கு வெளிச்சத்தையும் மீறி ஒரு விண்மீன் பளிச்சென்று தெரியும். பத்துமலையிலிருந்தும் தெரியும், தோட்டத்து வீட்டு வாசலிலிருந்து இன்னும் நன்றாகத் தெரியும். சிரியஸ் என்பது அதன் பெயர். இரவு வானத்தின் விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமானது. அதன் பக்கத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாமல், ஒரு வெண்குறுமீன் இருக்கிறது. எடை ஏறக்குறைய சூரியன் அளவு. உருவமோ பூமியைவிடச் சிறியது. அது ஏன் நொறுங்காமல் நிற்கிறது, எவ்வளவு எடை கூடினால் நிற்காது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர், நோயுற்ற தாயைப் பிரிந்து கப்பலேறிய 19 வயது மயிலாப்பூர்ப் பையன். அடுத்த முறை பிள்ளைகளோடு அங்கே நிற்கும்போது அந்த விண்மீனைக் காட்டிச் சொல்லுங்கள்.